காம்போடு வெட்டுங்கள்: வீட்டுத் தோட்டத்துச் செடிகளில் இகெபானா

பூக்கடையில் மல்லி முழக் கணக்கில் கிடைக்கும். சாமந்தியைக் கால் கிலோ, அரை கிலோ என்று நிறுத்துத் தருவார்கள். காம்போடு ஒரு பூ கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். சரத்துக்கும் மாலைக்கும் பூவின் தலை போதும் என்பதால் நம் ஊர்ப் பூச்சந்தை பெரும்பாலும் உதிரிப்பூச் சந்தைதான். பொக்கே கடையில் நீளக் காம்பு ரோஜாவும் ஜெர்பெராவும் உண்டு. ஆனால் அவை அத்தனையும் ஸ்கேல் வைத்து வளர்த்ததுபோல் நேராக இருக்கும். ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இகெபானாவுக்கு முதலில் வேண்டியது கிளை, அடுத்து இலை, கடைசியில்தான் பூ. மதில் சுவரைத் தாண்டி வெயிலுக்காக ஒருபக்கமாக வளைந்த மாதுளைக் கிளை ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது கடையில் கிடைக்காது, தோட்டத்தில் கிடைக்கும். மொட்டைமாடியில் பத்துத் தொட்டி இருந்தாலும் தோட்டம்தான்.

ஜப்பானில் இந்தக் கலையின் மூத்த மரபு இகெனோபோ. கியோட்டோ நகரின் ரொக்காகுதோ கோயிலைச் சேர்ந்தது. அந்த மரபின் சென்கெய் என்பவர் பூ அடுக்கியதைப் பற்றிய குறிப்பு 1462-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. தட்டையான பாத்திரத்தில் ஊசிக்கட்டை வைத்துக் கிளைகளை நிறுத்தும் ‘மொரிபானா’ முறை அவ்வளவு பழையது இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒஹாரா உன்ஷின் தொடங்கியது. 1927-இல் தெஷிகஹாரா சோஃபு நிறுவிய சொகெட்சு பள்ளி, எந்தச் செடியையும் எந்தப் பாத்திரத்தையும் பயன்படுத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கீழே வரும் அளவுகளும் கோணங்களும் சொகெட்சு பள்ளியின் முதல் பாடத்தை ஒட்டியவை. முருங்கைக்கும் சேம்புக்கும் இடம் கொடுப்பதால் நம் தோட்டத்துக்கு அதுவே தோது.

ஊசிக்கட்டையும் பாத்திரமும்

ஈயக் கட்டியில் பித்தளை ஊசிகளை நெருக்கமாக நட்டதுதான் கென்ஸான். ஜப்பானிய மொழியில் ‘வாள் மலை’ என்று பொருள். முதன்முதலாக வாங்குபவர்களுக்கு 7 அல்லது 8 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கென்ஸான் போதும். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், நல்ல கனம் தெரிய வேண்டும். கனமில்லாத மலிவு ரகம் பூவைத் தாங்கும். அரை மீட்டர் கொய்யாக் கிளையைச் சாய்த்துக் குத்தினால் கிளையோடு சேர்ந்து அதுவும் கவிழும்.

ஈயம் என்பதால் இரண்டு எச்சரிக்கை. கென்ஸானைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. உருளி அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாயசம் வைக்கும் உருளி வேறு, பூ வைக்கும் உருளி வேறு என்று பிரித்துவிடுங்கள். நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரை அவை குடிக்காதபடி உயரத்தில் வையுங்கள்.

கென்ஸான் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கொய்யாவிலோ எலுமிச்சையிலோ ஒரு கவட்டையை வெட்டி, வாய் குறுகலான பாத்திரத்துக்குள் விரலால் அழுத்தினால் இறுக்கமாகப் பிடிக்கும் அளவுக்கு நறுக்கிப் பொருத்துங்கள். கிளைகள் கவட்டையின் இடுக்கில் நிற்கும். கென்ஸான் வருவதற்கு முன்பே ஜப்பானில் இருந்த வழக்கம் இது. ‘குபாரி’ என்பார்கள். தட்டைப் பாத்திரத்துக்கு வேறு வழி உண்டு. பப்பாளி இலைக்காம்பை 4 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் குழாய்போல் நெருக்கமாக நிறுத்தி, கிண்ணத்தைத் தட்டுக்குள் வையுங்கள். மெல்லிய காம்புகளுக்கு அது தாங்கும். மூன்று நாளில் அழுகிவிடும், அதற்குமேல் நம்ப வேண்டாம். பொக்கே கடைகளில் உள்ள பச்சை ஸ்பாஞ்ச் வேண்டாம். ஒருமுறை குத்தினால் ஓட்டை விழுந்துவிடும். கிளையை ஒரு விரல்கடை தள்ளிக் குத்திப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் பாதி வேலை, அதற்கு ஸ்பாஞ்ச் இடம் தராது. மண்ணில் மக்கவும் மக்காது.

பாத்திரம் 25 முதல் 30 செ.மீ. அகலம், 5 முதல் 7 செ.மீ. ஆழம், தட்டையான அடி. கறுப்பு, பழுப்பு, சாம்பல் நிறப் பீங்கான் எதையும் ஏற்கும். கல்சட்டி மிகப் பொருத்தம். மண்சட்டியில் நீர் கசிந்து மேசையில் வட்டம் விழும் என்பதால், உள்ளே ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதில் கென்ஸானை இறக்குங்கள். எவர்சில்வர் தட்டு மட்டும் வேண்டாம். அது விளக்கையும் மின்விசிறியையும் பிரதிபலித்துக்கொண்டிருக்கும், கிளையின் கோடு கண்ணில் நிற்காது. பூப்போட்ட பாத்திரமும் அப்படித்தான்.

கத்தரி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அடுக்களைக் கத்தரி காம்பை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய காம்பு தண்ணீரை இழுக்காது. ரோஜாவுக்குக் கவாத்து பண்ணும் கத்தரி இருந்தால் அதுவே போதும். இதற்கென்றே உள்ள ஜப்பானியக் கத்தரி ‘ஹசாமி’, பிடிவளையம் பெரிதாக இருக்கும். விரல் தடித்த கிளையையும் ஒரே வெட்டில் முடிக்கும்.

எந்தச் செடி எதற்கு

செடிகளைக் கோடு, பரப்பு, புள்ளி என்று மூன்றாகப் பார்த்துப் பழகினால் தோட்டத்தில் நிற்கும்போதே தேர்வு எளிதாகும்.

கோடு தருபவை கிளைகள். மாதுளை முதலிடம். மெலிந்த கிளை, சின்ன இலை, நுனியில் சிவப்பு மொட்டு என்று ஒரே கிளையில் மூன்றும் வரும். கொய்யாவின் பட்டை உரிந்த தண்டுக்கு அழகான வழவழப்பு உண்டு, ஆனால் இலை பெரிது, பாதியைக் கிள்ளியாக வேண்டும். கறிவேப்பிலை, நாரத்தை, எலுமிச்சை எல்லாம் நன்றாக நிற்கும், வாசம் கூடுதல் லாபம். பங்குனியில் வேம்பு செந்தளிர் விடும் சில நாட்கள் தவறவிடக் கூடாதவை. முருங்கைக் கிளை பார்வைக்கு மென்மையாக இருக்கும், ஆனால் இலை மளமளவென்று உதிரும். பூங்கொத்தும் பிஞ்சுக் காயும் மட்டும் உள்ள கிளையாகப் பார்த்து இலையை முன்பே உருவிவிடுங்கள். ஈழத்தலரி இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் மாதங்களில் அதன் கிளையைப் போல் திடமான கோடு வேறு எதிலும் கிடையாது. பால் வடியும் மரம், அதன் பக்குவத்தைக் கீழே சொல்கிறோம்.

கோட்டுக்குக் கிளைதான் வேண்டும் என்றில்லை. பாம்புக் கற்றாழை என்றும் மாமியார் நாக்கு என்றும் சொல்லும் செடியின் இலை வாள் போல் நிற்கும், வாரக்கணக்கில் வாடாது. எலுமிச்சைப் புல், கோரை, தென்னங்கீற்றின் ஒற்றை ஓலை, காய்ந்து வெடித்த தென்னம்பாளை எல்லாம் கோடுதான். காய்ந்த பாளைக்குத் தண்ணீர்கூட வேண்டாம்.

பரப்பு தருபவை பெரிய இலைகள்: சேம்பு, கல்வாழை, குரோட்டன், மணி பிளாண்ட். ஒரு அமைப்புக்கு ஒன்றோ இரண்டோ போதும். கல்வாழைப் பூ ஒரே நாளில் கசங்கிவிடும், இலைக்காக மட்டும் வெட்டுங்கள்.

புள்ளி என்பது பூ. சாமந்தியும் சம்பங்கியும் ஹெலிகோனியாவும் ஐந்தாறு நாள் தாங்கும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் அதற்கும் மேலே. இட்லிப்பூ இரண்டு மூன்று நாள். ரோஜாவை முழுக்க மலர்ந்தபின் வெட்டினால் மறுநாளே கொட்டும், வெளியிதழ் இரண்டு பிரிந்த நிலையில் வெட்ட வேண்டும். மல்லிகைப் பூ ஒரு ராத்திரிக்குத்தான், ஆனால் அதன் கொடி உயரமான ஜாடியிலிருந்து தொங்கவிட ஏற்றது. காகிதப்பூவைத் தொட்டவர்கள் எல்லாரும் ஏமாந்திருப்பார்கள். வெட்டிய அரை மணி நேரத்தில் தலை தொங்கும். அதற்கும் வழி இருக்கிறது.

அரளியையும் எருக்கையும் கோட்டுக்காக ஆசைப்பட்டு வெட்டுவார்கள். அரளி முழுச் செடியும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வெட்டும் நேரம், வெட்டும் விதம்

காலை ஏழு மணிக்குள், வெயில் ஏறும் முன். ராத்திரி முழுக்க வேர் இழுத்த தண்ணீர் அப்போது தண்டில் நிறைந்திருக்கும். முந்தின நாள் மாலையே செடிக்குத் தண்ணீர் விட்டுவையுங்கள். நண்பகலில் வெட்டிய கிளையை எந்த வைத்தியமும் முழுதாக மீட்காது.

செடியைக் கெடுக்காமல் வெட்ட வேண்டுமானால் அதைக் கவாத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் எடுக்க வேண்டிய குறுக்குக் கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை, சுவரில் உரசும் கிளை எல்லாம்தான் வளைவுள்ள கிளைகள். வெட்டு ஒரு கணுவுக்கு அரை செ.மீ. மேலே, வெளிப்பக்கம் பார்த்த மொட்டை விட்டு இருக்கட்டும். சாமந்தியைத் தலையாகக் கிள்ளிப் பழகிய கைக்கு 30 செ.மீ. காம்போடு வெட்ட மனம் வராது, பக்கத்து மொட்டுகள் போய்விடுமே என்று. ஒரு செடியில் ஒரு காம்பு என்று வைத்துக்கொண்டால் இழப்பு தெரியாது.

வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டே செடியிடம் போங்கள். வெட்டியதும் வாளியில் இறக்குங்கள். வீட்டுக்குள் வந்ததும் காம்பின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே மேலும் 2 அல்லது 3 செ.மீ. வெட்டிவிடுங்கள். இதற்கு ‘மிஸுகிரி’ என்று பெயர், நீர்வெட்டு. காற்றில் வெட்டும்போது தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக் குமிழி ஏறி அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் ஒரு வாளித் தண்ணீரில் நின்றாலும் பூ தாகத்தில் வாடும். தண்ணீருக்குள் வெட்டினால் குழாயில் நீர்தான் ஏறும். இந்த ஒன்றைச் செய்தால் பூவின் ஆயுள் கூடுவது இரண்டாம் முறையே உங்களுக்குத் தெரிந்துவிடும். வெட்டியபின் ஒரு மணி நேரமாவது ஆழமான தண்ணீரில் நிழலில் நிற்கட்டும். சேம்பு இலையை மட்டும் அரை மணி நேரம் முழுதாகத் தண்ணீரில் மூழ்க வையுங்கள்.

கிளைகளின் அடியைச் சுத்தியால் நசுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வேண்டாம். நசுங்கிய சதையில் பாக்டீரியா பெருகித் தண்ணீர் சீக்கிரம் நாறும். கத்தரி முனையால் அடியில் 2 செ.மீ. கீறிவிட்டால் போதும்.

காகிதப்பூவுக்கு வெந்நீர் வைத்தியம். பூக்களையும் இலைகளையும் செய்தித்தாளில் சுற்றி ஆவி படாமல் காத்து, காம்பின் அடி 3 செ.மீ. மட்டும் கொதிநீரில் இருபது முப்பது விநாடி முங்கவிட்டு, உடனே குளிர்ந்த ஆழத் தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். குழாயில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து வெளியேறிவிடும். அதோடு இலைகளில் முக்கால்வாசியைக் கிள்ளிவிடுங்கள். பூவைவிட இலைதான் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறது. ஈழத்தலரி மாதிரி பால் வடியும் கிளைக்கு வெட்டுவாயை மெழுகுவத்திச் சுடரில் சில விநாடி கருக்கினால் பால் நின்றுவிடும்.

எல்லாக் கிளைகளையும் உள்ளே கொண்டுவரும் முன் குழாயடியில் ஒருமுறை அலசுங்கள். மாதுளையில் எறும்பும் கொய்யாவில் மாவுப்பூச்சியும் இல்லாத வீடு கிடையாது.

முதல் அமைப்பு: மாதுளைக் கிளையும் மூன்று சாமந்தியும்

28 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம் உள்ள வட்டப் பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 34. அதைப்போல் ஒன்றரை மடங்கு, 51 செ.மீ. இது முதல் கிளையின் நீளம். பெயர் ஷின். இரண்டாவது கிளை சோயே, ஷின்னில் முக்கால், அதாவது 38 செ.மீ. மூன்றாவது ஹிகாயே, சோயேயில் முக்கால், 28 செ.மீ. ஷின்னும் சோயேயும் மாதுளை, ஹிகாயே ஒரு சாமந்தி. டேப்பால் அளந்தே வெட்டுங்கள். கண் அளவு பிடிபட இருபது முறையாவது ஆகும். வளைந்த கிளையை வளைவோடு சேர்த்து அளக்க வேண்டும், நேர்க்கோட்டில் அல்ல.

பாத்திரத்தை மனத்தில் நான்காகப் பிரித்து, முன்பக்க இடது கால்பங்கில் கென்ஸானை வையுங்கள். நட்டநடுவில் வைக்கத்தான் கை போகும். நடுவில் வைத்தால் பாத்திரத்தின் வெற்று நீர்ப்பரப்பு துண்டுதுண்டாகி வீணாகும். ஓரத்தில் வைத்தால் வலப்பக்கம் முழுக்கத் தண்ணீர் ஒரு குளம்போல் நிற்கும், அதுவும் அமைப்பின் ஒரு பாகம். கென்ஸானுக்கு அடியில் நனைந்த துணித் துண்டு ஒன்றை இட்டால் வழுக்காது, பாத்திரத்திலும் கீறல் விழாது. இப்போதே தண்ணீர் ஊற்றுங்கள், ஊசிகள் மூழ்கி அரை செ.மீ. மேலே நிற்கும் அளவுக்கு.

கிளையின் அடியைச் சாய்வாக வெட்டுங்கள். மென்காம்பைக் கிடைமட்டமாக வெட்டுங்கள். கிளையைச் சாய்த்துக் குத்தக் கூடாது. முதலில் செங்குத்தாக ஊசிகளுக்கு இடையில் அழுத்தி அடிவரை இறக்கி, பிறகு அடித்தண்டைப் பிடித்துச் சாய வேண்டிய பக்கம் மெல்லத் தள்ள வேண்டும். நுனியைப் பிடித்துத் தள்ளினால் நடுவில் முறியும்.

கோணங்களுக்குக் கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்து என்பது 12. ஷின் இடப்பக்கம் 15 டிகிரி, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே. சோயே இடப்பக்கம் 45 டிகிரி, பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே. ஹிகாயே வலப்பக்கம் 75 டிகிரி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, ஏறக்குறையத் தண்ணீரைத் தொடும்படி. முக்கியமான சங்கதி, மூன்றுமே உங்களை நோக்கிக் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். கடிகாரம் தட்டை, அமைப்பு தட்டை அல்ல. பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூன்றும் ஒரே சுவரில் ஒட்டியதுபோல் தெரிந்தால் சோயேயையும் ஹிகாயேயையும் இன்னும் முன்னே இழுங்கள். மூன்றின் அடியும் கென்ஸானில் ஒரு முக்கோணமாக, ஆனால் நெருங்கி இருக்கட்டும். ஒரே வேரிலிருந்து கிளம்பியதுபோல் தெரிய வேண்டும்.

கிளையை நட்டபின்தான் அசல் வேலை. ஒரு எட்டுப் பின்னால் போய் நின்று, எந்த இலை கோட்டை மறைக்கிறது என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இலை, முன்பக்கமாக நேரே கண்ணில் குத்தும் இலை, கீழ்நோக்கித் தொங்கும் குச்சி, வலமும் இடமும் ஜோடியாகக் கிளம்பும் குச்சிகளில் ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள். ஒரு சமயம் ஒரே இலை, பிறகு மறுபடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 51 செ.மீ. மாதுளைக் கிளையில் அறுபது எழுபது இலை இருக்கும், இருபதுக்கு வந்தபின்தான் கிளையின் வளைவு தெளியும். நெருக்கமாகக் கட்டினால்தான் நல்ல சரம் என்று பழகிய கண்ணுக்கு இது குறைத்துவைத்த பூவாகத் தோன்றும். கிளைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்கு ஜப்பானியர் ‘மா’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த இடம் அடைபட்டால் கிளை இருந்தும் இல்லாததுதான்.

இனி துணைக் காம்புகள், ஜூஷி. மீதமுள்ள இரண்டு சாமந்திகளில் ஒன்றை 20 செ.மீ., மற்றொன்றை 14 செ.மீ. வெட்டி ஹிகாயேயின் அருகே நடுங்கள். மூன்று பூவும் ஒரே உயரத்தில், ஒரே திசை பார்த்து நிற்கக் கூடாது. ஒன்று மேலே, ஒன்று உங்களைப் பார்த்து, ஒன்று பக்கவாட்டில். மூன்றில் ஒன்று மொட்டாக இருந்தால் இன்னும் நல்லது. துணைக் காம்பு எதுவும் தான் சேர்ந்து நிற்கும் முதன்மைக் காம்பைவிட நீளக் கூடாது. கடைசியாக 8 முதல் 10 செ.மீ. மாதுளைத் தளிர் இரண்டு மூன்றை முன்னும் பின்னும் குத்திக் கென்ஸானை மறையுங்கள். கூழாங்கல் கொட்டி மறைப்பவர்கள் உண்டு. அது சோம்பல் வழி, கல்லுக்கு அடியில் இலை அழுகினால் தெரியவும் செய்யாது.

நிற்காதவை, சாய்பவை

கிளையோடு கென்ஸானே கவிழ்ந்தால் இரண்டாவது கென்ஸானைத் தலைகீழாகத் திருப்பி, முதலாவதின் பின்விளிம்பு ஊசிகளில் மாட்டுங்கள். எதிர்ப்பாரம் கிடைத்துவிடும். தடித்த கிளை ஊசிக்குள் இறங்காவிட்டால் அடியைக் கூட்டல் குறிபோல் 2 செ.மீ. ஆழத்துக்குப் பிளந்து குத்துங்கள்.

எலுமிச்சைப் புல்லும் கோரையும் ஊசியிடுக்கில் ஆடும். ஒரு கல்வாழைத் தண்டை 2 செ.மீ. நறுக்கி, புல்லை அதற்குள் சொருகி, அந்தத் துண்டைக் கென்ஸானில் குத்துங்கள். இல்லையென்றால் ஐந்தாறு புல்லை அடியில் நூலால் கட்டிச் சேர்த்துக் குத்தலாம். ஹெலிகோனியா போன்ற பருத்த தண்டுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் பாரம் அதிகம். உயரத்தைக் குறைத்துவிடுங்கள்.

கிளை நேராக இருக்கிறது, வளைக்க வேண்டும் என்றால் இரண்டு கட்டைவிரலையும் வளைவு வேண்டிய இடத்தில் ஒட்டிவைத்து, கிளையை லேசாகத் திருகிக்கொண்டே அழுத்துங்கள். ஒரே இடத்தில் வேண்டாம், 1 செ.மீ. நகர்ந்து நகர்ந்து. நார் மெல்ல முறியும் சத்தம் கேட்கலாம், பட்டை கிழியக் கூடாது. மாதுளையும் செம்பருத்தியும் இதற்கு இசையும். முருங்கை பட்டென்று ஒடியும், அதை வளைக்கவே முயலாதீர்கள். பெரிய இலையின் நடுநரம்பைப் பின்பக்கமாகக் கட்டைவிரலால் நீவினால் இலை நாம் சொன்ன பக்கம் வளையும்.

அமைப்பு சரியாக வந்தும் ஏதோ கூட்டமாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு வகைச் செடிக்கு மேல் போய்விட்டீர்கள். இரண்டு வகை போதும், மூன்று அதிகம். தோட்டத்தில் எல்லாமே பூத்திருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் இந்தத் தவறு நடக்கும்.

உயரமான ஜாடியில்

உயரமான பாத்திரத்தில் வைப்பது ‘நகெயிரே’. கென்ஸான் தேவையில்லை. பழைய கூஜா, செம்பு, வாய் அகன்ற ஊறுகாய் ஜாடி எல்லாம் ஆகும். கிளை ஜாடியின் வாயில் சுற்றிச் சுற்றி நழுவுவதுதான் இதில் தொல்லை. பென்சில் தடிமனுள்ள இரண்டு குச்சிகளை ஜாடியின் உள்வாய் அகலத்தைவிட இம்மி நீளமாக வெட்டி, விளிம்புக்கு 2 செ.மீ. கீழே சிலுவைபோல் இறுக்கிப் பொருத்துங்கள். பச்சைக் குச்சியாக இருந்தால் வளைந்துகொடுத்துப் பிடிக்கும். கண்ணாடி ஜாடியில் இந்த இறுக்கம் விரிசல் விடும், தவிர்க்கவும். வாய் நான்கு கட்டமாகிவிடும். எல்லாக் கிளைகளையும் ஒரே கட்டத்தில் வையுங்கள். மூன்று கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் குச்சியில் ஓரிடம், ஜாடியின் உட்சுவரில் ஓரிடம், விளிம்பில் ஓரிடம் என்று மூன்று இடத்தில் ஊன்றினால் அசையாது.

நீளக் கணக்கு முன்போலத்தான், ஜாடியின் உயரமும் அகலமும் கூட்டி ஒன்றரை மடங்கு. ஆனால் ஜாடிக்குள் மறையும் நீளத்தையும் அதோடு சேர்க்க மறந்துவிடுவார்கள். வெட்டி வைத்தபின் குட்டையாகத் தெரிந்தால் காரணம் அதுதான். மல்லிகைக் கொடியோ இலை கிள்ளிய காகிதப்பூக் கிளையோ ஒருபக்கம் விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும், எதிர்ப்பக்கம் விளிம்பருகே ஒரு ரோஜா. அவ்வளவுதான்.

ஒற்றைச் செம்பருத்தி

ஜப்பானில் தேநீர்ச் சடங்கு நடக்கும் அறையில் கோடைக்கு விருப்பமான பூ முகுகே. நம் செம்பருத்தியின் உறவு, காலையில் மலர்ந்து அன்றே முடியும் பூ. ஒருநாள் பூ என்பதாலேயே அதற்கு மதிப்பு. செம்பருத்திக்கு இன்னொரு வசதி உண்டு: பறித்த பூ தண்ணீர் இல்லாமலும் சாயங்காலம்வரை வாடாது. ஆகவே காம்பு குட்டையாக இருந்தாலும் கவலையில்லை. தென்னை ஈர்க்கின் கூர்முனையைப் பூவின் அடியில் பச்சைப் புல்லிவட்டத்தில் 1 செ.மீ. சொருகுங்கள். ஈர்க்கு காம்பாகிவிடும். குறுகலான சின்னச் செம்பில் ஒரே ஒரு பூ, ஒரு இலைக்கிளை போதும். மாலை விருந்தாளிகளுக்கு வேண்டுமென்றால் காலையில் விரிந்ததும் பறித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, வருவதற்குச் சற்று முன் எடுத்து வையுங்கள்.

வைத்த பிறகு

மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் மேலே சொன்ன அத்தனை பக்குவமும் வீண், ஒரே மத்தியானத்தில் இலை சுருண்டுவிடும். ஏசி காற்று நேரே படும் இடமும் அப்படியே. பழத்தட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். பழுக்கும் வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைக்கும். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், காலண்டரும் சுவிட்ச் போர்டும் கிளையின் கோட்டைக் கெடுக்கும். மொரிபானாவைச் சற்று மேலிருந்து பார்க்க வேண்டும் என்பதால் மேசை, திண்ணை உயரம் சரி. அலமாரி உச்சியில் வைத்தால் பாத்திரத்தின் நீர் கண்ணுக்குத் தெரியாது.

நம் வெயிலுக்குத் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். சர்க்கரை, எலுமிச்சை, ஆஸ்பிரின் என்று ஆளாளுக்கு ஒன்று போடச் சொல்வார்கள். புதுத் தண்ணீருக்கு ஈடாக எதுவும் இல்லை. அமைப்பைக் கலைக்கத் தேவையில்லை. ஒரு சின்ன ரப்பர் குழாயால் பழைய நீரை இறக்கிவிட்டு ஓரமாகப் புதுநீர் ஊற்றுங்கள். தெளிந்த தேங்கிய நீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம் என்பதையும் மறக்க வேண்டாம். ஊருக்குப் போகும் நாட்களில் தண்ணீரைக் கொட்டிவிட்டே கிளம்புங்கள். நீரில் மூழ்கிய இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மறுநாளே தண்ணீர் கலங்கினால் அங்கேதான் தேட வேண்டும். நடுவில் ஒரு பூ வாடினால் அதை மட்டும் மாற்றலாம். கிளை பத்து நாள்கூட நிற்கும், பூவை இரண்டு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

கலைத்தபின் கென்ஸானைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசிகளுக்கு இடையில் சிக்கிய துணுக்குகளைத் தையல் ஊசியால் எடுத்து, நன்றாக உலர்த்தி வையுங்கள். வளைந்த ஊசியை இடுக்கியால் பிடித்தால் முறியும். மை தீர்ந்த பேனாவின் உலோக ரீஃபில் குழாயை அதன்மேல் நுழைத்து மெல்ல நிமிர்த்துங்கள். மணி பிளாண்டும் குரோட்டனும் செம்பருத்திக் குச்சியும் இருந்தால் குப்பைக்குப் போடும் முன் அடியைப் பாருங்கள். வெள்ளையாக வேர் முளைத்திருந்தால் நேரே தொட்டிக்குப் போகட்டும்.